ஏழைகளின் போர்வை எது? – ஒரு ஸ்பானிஷ் ஆசிரியையின் கேள்வி பதில்

சென்ற மாதப் பதில் ஒன்றில், பதினெட்டு ஆண்டுகளாகச் சென்னையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கிறேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரிக்குத்தான். ஆசிரியைகள், பெற்றோர், ஒரு தாத்தா, ஒரு பத்தாம் வகுப்பு மாணவன் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு, இந்த இதழை முழுக்க ஸ்பானிஷ் வகுப்புக்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: மேடம், இந்த ஜூனில்தான் ஒரு பள்ளியில் ஸ்பானிஷ் ஆசிரியையாகச் சேர்ந்தேன். ஒன்பதாம் வகுப்பில் இருபத்தாறு பேர். கேள்வி கேட்டால் எல்லோரும் குனிந்து மேசையைப் பார்க்கிறார்கள். பாட்டுப் பாட வைத்தேன், கைதட்ட வைத்தேன். கடைசி பெஞ்சுப் பையன்கள் சிரிக்கிறார்கள். என்ன செய்தால் வாயைத் திறப்பார்கள்?
— ஓர் இளம் ஆசிரியை, சென்னை

பதில்: முதலில் பாட்டை நிறுத்துங்கள். என் முதல் ஆண்டில் நானும் அதைத்தான் செய்தேன். கிழமைகளின் பெயர்களை மெட்டுப் போட்டு, ஒவ்வொரு கிழமைக்கும் ஓர் அபிநயம் வைத்து ஒன்பதாம் வகுப்பில் ஆடிக் காட்டினேன். 'லூனெஸ், மார்த்தெஸ்' என்று நான் இடுப்பில் கை வைத்தது இன்னும் நினைவிருக்கிறது. அந்த ஆண்டு முழுக்க நான் தாழ்வாரத்தில் நடந்தால் பின்னால் ஒருவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வருவான்.

எட்டு வயதுக் குழந்தை நீங்கள் ஆடினால் தானும் ஆடும். பதினான்கு வயதுப் பிள்ளை, பக்கத்தில் இருப்பவன் என்ன நினைப்பான் என்பதைத்தான் முதலில் பார்க்கும். அவர்கள் ஸ்பானிஷுக்குப் பயப்படவில்லை அம்மா, தங்கள் வாயிலிருந்து வரப்போகும் விநோதமான ஓசைக்குப் பயப்படுகிறார்கள். ஆகவே அவர்கள் ஒளிந்துகொள்ள ஏதாவது ஒன்று வேண்டும். ஒரு சீட்டு, ஒரு பகடை, ஒரு வேஷம். "நானா பேசினேன், சீட்டில் அப்படி இருந்தது" என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு.

நான் கைவிடாத சாக்கு லொத்தெரியா. மெக்சிகோவில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து ஆடுவது. தம்போலா மாதிரிதான். ஆனால் எண்களுக்குப் பதில் படங்கள். மொத்தம் 54 சீட்டுகள்: முதல் சீட்டு சேவல், கடைசிச் சீட்டு தவளை. நடுவில் நிலா, சூரியன், ஏணி, குடை, கடற்கன்னி, மரணம் எல்லாம் உண்டு. இன்று மெக்சிகோ முழுவதும் தெரிந்த அந்தப் படங்கள் 'தோன் கிளெமென்தே' என்ற பெயரில் 1887 முதல் அச்சாகி வருபவை. ஆடுபவர் கையில் நான்குக்கு நான்கு, பதினாறு படங்கள் கொண்ட அட்டை. ஒருவர் சீட்டை எடுத்துக் கூவுவார். உங்கள் அட்டையில் அந்தப் படம் இருந்தால் அதன் மேல் ஓர் அவரை விதையை வைப்பீர்கள். வரிசை நிறைந்ததும் "லொத்தெரியா!" என்று கத்த வேண்டும்.

நாங்கள் அவரை விதைக்குப் பதில் புளியங்கொட்டை வைத்துக்கொள்கிறோம். வருடா வருடம் எங்கள் வீட்டில் புளி உடைத்ததும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையக் கொட்டை பள்ளிக்கு வந்துவிடும். படங்களைச் சார்ட் தாளில் பிள்ளைகளே வரைந்தார்கள். பழைய சீட்டுக் கட்டில் கறுப்பின மனிதரைக் கேலியாகக் காட்டும் படம் ஒன்று உண்டு. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆட்டோவை வைத்தோம். நீங்களும் கட்டை அப்படியே நகலெடுக்காமல் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மெக்சிகோவில் கூவுபவர் வெறும் பெயரைச் சொல்வதில்லை. விடுகதை போட்டுக் கூவுவார். சூரியன் வந்தால் 'லா கொபீஹா தெ லோஸ் போப்ரெஸ்' என்பார், அதாவது ஏழைகளின் போர்வை. நிலா வந்தால் காதலர்களின் விளக்கு. ஏணி வந்தால், படிப்படியாக ஏறு, குதித்து ஏறப் பார்க்காதே. முதல் வாரம் நீங்களே பெயரைச் சொல்லிக் கூவுங்கள். இரண்டாம் வாரம் இந்த விடுகதைகளைச் சொல்லுங்கள். 'காதலர்களின் விளக்கு' என்றதும் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும், அதை அடக்காதீர்கள். மூன்றாம் வாரம் சீட்டைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, தாங்களே விடுகதை எழுதிக் கூவச் சொல்லுங்கள். ஆறேழு சொல் போதும்.

ஒருவன் குடைக்கு எழுதியதை நான் மறக்கவில்லை. 'டிசம்பரில் அது வீட்டில் இருக்காது' என்பதுதான் விடுகதை. நான்கு மாதம் வாய் திறக்காத பையன். அன்று எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவன் சொன்னதற்குச் சிரித்தார்கள். அந்த வித்தியாசம் அவனுக்கு உடனே புரிந்துவிட்டது.

ஒரு விதி மட்டும் கறாராக வையுங்கள். லொத்தெரியா என்று கத்தியவர் தன் வரிசையை முழு வாக்கியமாகப் படிக்க வேண்டும். "தெங்கோ லா லூனா, தெங்கோ எல் காயோ..." (என்னிடம் நிலா இருக்கிறது, சேவல் இருக்கிறது) என்று, பெயருக்கு முன் வரும் ஆண்பால் 'எல்', பெண்பால் 'லா' இரண்டையும் சரியாகப் போட்டு. ஓரிடத்தில் பிசகினாலும் வெற்றி செல்லாது, ஆட்டம் தொடரும். ஸ்பானிஷ் தெரியாமலே ஒருவன் ஜெயித்துவிட முடியும் என்றால் அந்த விளையாட்டை இடைவேளையில் ஆடட்டும், வகுப்பில் வேண்டாம். எந்தப் புது விளையாட்டைக் கண்டாலும் நான் முதலில் போட்டுப் பார்க்கும் சோதனை இதுதான்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். பேத்தி எட்டாம் வகுப்பில் ஸ்பானிஷ் படிக்கிறாள். எல்லாவற்றையும் ஆங்கிலத்தை வைத்தே விளக்குகிறார்கள். அந்த மொழியைப் படிக்கத் தமிழ் எந்த விதத்திலும் உதவாதா?
— ஒரு தாத்தா, திருநெல்வேலி

பதில்: ஐயா, நேரில் இருந்தால் உங்கள் காலைத் தொட்டிருப்பேன். இந்தக் கேள்வியைப் பள்ளி நிர்வாகம் எதுவும் என்னிடம் இதுவரை கேட்டதில்லை.

நான் நாகர்கோவில்காரி. எங்கள் வீட்டில் 'அரை' என்றால் ஒன்று, 'அறை' என்றால் வேறொன்று, காதிலும் வேறாகவே விழும். சென்னைக்கு வந்த புதிதில் அதற்காகவே கேலி செய்தார்கள். அதே றகரம்தான் இன்று எனக்குச் சோறு போடுகிறது. ஸ்பானிஷில் 'பெரோ' என்றால் ஆனால், 'பெறோ' என்றால் நாய். 'காரோ' என்றால் விலை அதிகம், 'காறோ' என்றால் பல நாடுகளில் கார். அவர்கள் இரட்டித்து எழுதும் அந்த எழுத்தை நான் கரும்பலகையில் ற என்றே எழுதிவிடுவேன். பிறகு இரண்டு நாற்காலியை முதுகோடு முதுகாகப் போட்டு இருவரை உட்கார வைப்பேன். ஒருவர் சொல்வார், மற்றவர் கேட்டுக்கொண்டு படத்தைத் தூக்கிக் காட்டுவார். தவறாகச் சொன்னவர் மடியில் ஒரு துணி நாய் வந்து உட்காரும். வகுப்பு முடியும்போது நாய் யார் மடியில் இருக்கிறதோ அவர் நாளைக்கு ஒரு நாப்பிறழ்ச் சொற்றொடர் மனப்பாடம் செய்து வர வேண்டும். சான் ரோக்கேயின் நாய்க்கு வால் இல்லை, ஏனென்றால் ராமோன் ராமீரெஸ் அதைத் திருடிவிட்டான் என்று ஒன்று ஸ்பானிஷில் உண்டு. வரிக்கு வரி றகரம் உருளும்.

தகரமும் அப்படித்தான். ஆங்கிலம் பழகிய நாக்கு 'டொமாட்டோ' என்கிறது. ஸ்பானிஷுக்கு வேண்டியது 'தோமாத்தே', பல்லில் நாக்குப்படும் நம் தகரம். பேத்தியிடம் அதை மட்டும் சொல்லுங்கள், ஒரே நாளில் பாதி உச்சரிப்பு சரியாகிவிடும்.

இலக்கணத்தில் இன்னும் சுவை இருக்கிறது. ஸ்பானிஷில் 'மே குஸ்தா எல் மாங்கோ' என்பார்கள். ஆங்கிலத்திலிருந்து போகிற பிள்ளை இதில் 'நான்' எங்கே என்று தேடித் தவிக்கும், கடைசியில் 'யோ குஸ்தோ' என்று எழுதிவைக்கும். தமிழிலிருந்து போனால் தவிப்பே இல்லை: எனக்கு மாம்பழம் பிடிக்கும். 'மே' என்றால் எனக்கு, அவ்வளவுதான். ஒரே ஒரு வேறுபாடு, பழம் பலவானால் அவர்களுடைய வினை 'குஸ்தான்' என்று பன்மையாகும். இதற்கு நான் வைத்திருக்கும் ஆட்டம் நாலு மூலை. வகுப்பின் ஒரு மூலை 'எனக்கு மிகவும் பிடிக்கும்', இரண்டாவது 'பிடிக்கும்', மூன்றாவது 'பிடிக்காது', நான்காவது 'சகிக்கவே முடியாது'. நான் பாகற்காய் என்பேன், கிரிக்கெட் என்பேன், திங்கட்கிழமை என்பேன். அவரவர் மூலைக்கு ஓட வேண்டும். ஓடிய பிறகு 'போர் கே?', ஏன் என்று கேட்பேன். காரணம் சொல்ல முடியாதவர்கள் பாகற்காய் பிடித்தவர்களின் மூலைக்குப் போய்விட வேண்டும்.

'ஸேர்', 'எஸ்தார்' என்று இரண்டு வினைகள் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'டு பி' என்ற ஒரே சொல் என்பதால் பிள்ளைகள் வருடக்கணக்கில் குழம்புவார்கள். ஒரு பெண் ஒருமுறை எழுந்து நின்று, சலிப்பாக இருக்கிறது டீச்சர் என்று சொல்ல நினைத்து 'சோய் அபுறீதா' என்றாள். அதற்கு 'நான் ஓர் அறுவை' என்று பொருள். தமிழில் சொன்னதும் அவளே பிடித்துக்கொண்டாள். 'நான் அறுவை' என்னும்போது இருக்கிறேன் என்ற சொல்லே வேண்டாம், அங்கே ஸேர். 'சலிப்பாக இருக்கிறேன்' என்னும்போது இருக்கிறேன் வருகிறது, அங்கே எஸ்தார். 'அவர் டாக்டர்' ஸேர். 'அவர் வீட்டில் இருக்கிறார்' எஸ்தார். 'மணி மூன்று' ஸேர். ஆனால் இந்தப் பாலம் பாதி ஆற்றுக்குத்தான் கட்டியிருக்கிறது. 'வீடு பெரியதாக இருக்கிறது' என்று நாம் சொல்வதை அவர்கள் ஸேர் போட்டே சொல்வார்கள். அதையும் பேத்தியிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் என்னைத் திட்டுவாள்.

உங்கள் வீட்டுக்கு ஒரு வேலையும் தருகிறேன். மேசை, அலமாரி, சப்பாத்து, ஜன்னல், சாவி இவையெல்லாம் போர்ச்சுகீசியரிடமிருந்து நமக்கு வந்த சொற்கள். போர்ச்சுகீசுக்கு ஸ்பானிஷ் உடன்பிறப்பு. இந்த ஐந்தில் எவை ஸ்பானிஷிலும் அதே சாயலில் இருக்கும் என்று பேத்தியோடு பந்தயம் கட்டுங்கள். மேசா, ஆர்மாரியோ, சபாத்தோ மூன்றும் அப்படியே இருக்கும். ஜன்னல் 'வென்தானா' என்று வேறு வழியில் போய்விடும். சாவி 'யாவே'. அது சாவியின் தங்கைதான் என்று கண்டுபிடிக்கக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும்.

கேள்வி: என் வகுப்பில் விளையாட்டு வைத்தால் பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து கதவைத் தட்டுகிறார். சத்தமில்லாமல் ஏதாவது உண்டா?
— ஓர் ஆசிரியர், கோயம்புத்தூர்

பதில்: கப்பல் மூழ்கடிக்கும் ஆட்டம். கட்டம் போட்ட தாளில் மேலே ஆறு வினைச்சொற்கள், இடப்பக்கம் நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள். ஒவ்வொருவரும் தங்கள் கப்பல்களை ரகசியமாக வரைந்துகொள்ள வேண்டும். எதிராளி ஒரு கட்டத்தைச் சுட வேண்டும் என்றால் அந்த வினையை அந்த ஆளுக்கு ஏற்றபடி திரித்துச் சொல்ல வேண்டும். 'ஆப்லாமோஸ்' என்றால் 'நாங்கள் பேசுகிறோம்' என்ற கட்டம். பதில் மூன்றே சொல்: ஆகுவா என்றால் தண்ணீரில் விழுந்தது, தொகாதோ என்றால் பட்டுவிட்டது, உந்திதோ என்றால் மூழ்கிவிட்டது. தவறாகத் திரித்தால் குண்டு கடலில். கிசுகிசுத்துக்கொண்டே ஆடுவார்கள், ஏனென்றால் பக்கத்து ஜோடி கேட்டுவிடக் கூடாது. உங்கள் சக ஆசிரியர் கதவைத் தட்டினால் தேர்வு நடக்கிறதென்று நினைத்துக்கொள்வார்.

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு. ஸ்பானிஷ் வகுப்பில் என்ன நடந்தது என்று கேட்டால், விளையாடினோம் என்கிறாள். மறுநாளும் விளையாடினோம் என்கிறாள். கட்டணம் கட்டுகிற எங்களுக்கு மதிப்பெண் வேண்டாமா?
— ஒரு தாய், மதுரை

பதில்: கோபம் நியாயம்தான். விளையாட்டு என்ற பெயரில் நேரத்தைத் தள்ளும் வகுப்புகளை நானும் பார்த்திருக்கிறேன். ஏன், நடத்தியும் இருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கைப்பேசியில் விடை அழுத்தும் வினாடி வினா ஒன்றை வாரம் இரண்டு முறை வைத்தேன். வகுப்பே துள்ளியது, நானும் பூரித்துப் போனேன். பருவத் தேர்வில் பார்த்தால் நான்கு நிறங்களில் எது முதலில் மின்னுகிறது என்பதைத்தான் பிள்ளைகள் கற்றிருந்தார்கள். கேள்வியை யாரும் படிக்கவே இல்லை. வேகமாக அழுத்தியவனுக்கு அதிகப் புள்ளி என்றால் எவன் படிப்பான்?

எனவே மகளிடம் 'விளையாடினீர்களா' என்று கேட்காதீர்கள். 'ஜெயிக்க என்ன சொல்ல வேண்டியிருந்தது' என்று கேளுங்கள். அவள் ஒரு ஸ்பானிஷ் வாக்கியத்தைச் சொன்னால் வகுப்பு நன்றாகப் போகிறது. நிறத்தைச் சொன்னால் ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.

மதிப்பெண் விஷயம். பன்னாட்டுப் பாடத்திட்டங்களில் பேச்சுத் தேர்வு என்று தனியாக உண்டு. கடைக்காரரிடம் பேசுவது போல், ஹோட்டலில் அறை கேட்பது போல் நடித்துப் பேச வேண்டியிருக்கும். சிலவற்றில் ஒரு படத்தைக் கொடுத்து அதைப் பற்றிப் பேசச் சொல்வார்கள். அதற்கு நோட்டில் எழுதிய இலக்கணம் பத்து பக்கம் இருந்தாலும் உதவாது. வகுப்பில் நாற்பது தடவை காய்கறிக்காரியாக நடித்தவள்தான் பயமில்லாமல் பேசுவாள்.

எழுத்துக்கும் ஆட்டம் உண்டு. பெயர், ஊர், விலங்கு, பொருள் என்று நாமெல்லாம் காகிதத்தில் ஆடியிருப்போமே, அதை மெக்சிகோவில் 'பாஸ்தா' என்பார்கள், அர்ஜென்டினாவில் 'தூத்தி ஃப்ரூத்தி'. ஓர் எழுத்தைச் சொன்னதும் எழுத ஆரம்பிக்க வேண்டும், முதலில் முடித்தவர் பாஸ்தா, போதும் என்று கத்துவார். நான் இதில் ஒரு கொடுமை சேர்த்திருக்கிறேன். பெயர்ச்சொல்லுக்கு முன் எல், லா போடாவிட்டால் பாதிப் புள்ளி, மேலே போட வேண்டிய அழுத்தக் குறியை விட்டால் கால் புள்ளி போச்சு. பிள்ளைகள் ஒருவர் தாளை ஒருவர் திருத்துவார்கள். கால் புள்ளிக்காக அகராதியைப் பிரித்து வைத்துச் சண்டை போடுவார்கள். அதே பிழைகளை நான் சிவப்பு மையில் சுழித்துக் கொடுத்தபோது ஒருவரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

கேள்வி: டீச்சர், எங்கள் புத்தகத்தில் 'வொசோத்ரோஸ்' என்று இருக்கிறது. நான் பார்க்கும் வீடியோக்களில் யாரும் அதைச் சொல்வதே இல்லை. எதற்குப் படிக்க வேண்டும்? பஸ்ஸுக்குக்கூட ஒவ்வொருவர் ஒவ்வொரு சொல் சொல்கிறார்கள். எதுதான் சரியான ஸ்பானிஷ்?
— பத்தாம் வகுப்பு மாணவன், திருச்சி

பதில்: தம்பி, நீ பார்ப்பது லத்தீன் அமெரிக்க வீடியோக்களாக இருக்கும். அங்கே 'நீங்கள் எல்லோரும்' என்பதற்கு உஸ்தேதெஸ்தான். வொசோத்ரோஸ் ஸ்பெயினுக்கு உரியது. தேர்வுத்தாளில் ஸ்பெயினின் ஒலிப்பதிவும் வரலாம், ஆகவே காதுக்குத் தெரிந்திருக்கட்டும். வாயால் எதைச் சொன்னாலும் ஒன்றையே பிடித்துக்கொள். அர்ஜென்டினாக்காரர்கள் 'நீ' என்பதற்கு 'வோஸ்' என்று இன்னொன்றைச் சொல்வார்கள். அது வேறு கதை.

பஸ் கேள்விக்காக உனக்குத் தனியாக ஒரு சபாஷ். என் வகுப்பில் அதற்கென்றே ஒரு சுவர் இருக்கிறது. பெரிய வரைபடத்தில் பஸ் படத்தை ஒட்டி, ஒவ்வொரு நாட்டிலும் அதை என்ன சொல்கிறார்கள் என்று எழுதுவோம். ஸ்பெயினில் ஆவுத்தோபூஸ், மெக்சிகோவில் காமியோன், அர்ஜென்டினாவில் கொலெக்தீவோ, கியூபாவிலும் கனாரித் தீவுகளிலும் குவாகுவா, சிலியில் மீக்ரோ. சிலியில் குவாகுவா என்ற சொல்லும் உண்டு. ஆனால் அங்கே அதற்குக் கைக்குழந்தை என்று பொருள். கியூபாக்காரர் சிலிக்குப் போய், குவாகுவாவைப் பிடிக்கத்தான் நிற்கிறேன் என்றால் தெருவில் இருப்பவர்கள் போலீஸைக் கூப்பிடுவார்கள்.

இதை ஆட்டமாக ஆடலாம். ஆளுக்கு ஒரு நாட்டுச் சீட்டு. யாரும் தன் நாட்டைச் சொல்லக் கூடாது. பயணத்தைப் பற்றி மட்டும் பேச வேண்டும். மற்றவர்கள் சொற்களை வைத்து நாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். உன் டீச்சரிடம் சொல்லிப் பார். சரியான ஸ்பானிஷ் எது என்று இருபது நாட்டுக்காரர்களைக் கேட்டால் இருபது பேரும் தங்கள் ஊருடையது என்பார்கள். நாகர்கோவில் தமிழா, கோயம்புத்தூர் தமிழா என்று கேட்டால் நானும் அப்படித்தான் பதில் சொல்வேன்.

கேள்வி: டிசம்பர் விடுமுறைக்கு முந்தைய கடைசி வகுப்பில் யாருக்கும் பாடத்தில் மனம் இருப்பதில்லை. அன்று என்ன செய்வீர்கள்?
— ஓர் ஆசிரியை, புதுச்சேரி

பதில்: திராட்சை. ஸ்பெயினில் டிசம்பர் 31 நள்ளிரவில் மத்ரிதின் புவெர்தா தெல் சோல் சதுக்கத்துக் கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும்போது, ஒவ்வோர் அடிக்கும் ஒரு திராட்சையாகப் பன்னிரண்டு தின்று முடிப்பார்கள். முடித்தால் ஆண்டு முழுக்க அதிர்ஷ்டம். வகுப்பில் நான் ஸ்டீல் தட்டைக் கரண்டியால் தட்டுவேன். ஒவ்வொரு பழத்துக்கும் முன்பாக 'ஓஹலா' என்று தொடங்கி ஒரு ஆசையைச் சொல்ல வேண்டும். அந்தச் சொல், இறைவன் நாடினால் என்ற பொருளில் அரபியிலிருந்து ஸ்பானிஷுக்குப் போனது. வகுப்பில் இன்ஷா அல்லாஹ் சொல்லிப் பழகிய பிள்ளை இருந்தால் எனக்கு முன் அவரே விளக்கிவிடுவார். ஒரு எச்சரிக்கை, பன்னீர்த் திராட்சை வாங்கிவிடாதீர்கள். கொட்டையைத் துப்பவே நேரம் சரியாக இருக்கும். கொட்டையில்லாததை வாங்கி, இரண்டாக நறுக்கிக் கொடுங்கள். மெதுவாகவே தட்டுங்கள்.

கேள்வி: நவம்பரில் மெக்சிகோவின் 'மரித்தோர் நாள்' பற்றி வகுப்பெடுக்க ஆசை. 'பள்ளியில் எதற்குச் சாவுப் பண்டிகை' என்று பெற்றோர் கேட்பார்களோ என்று தயக்கமாக இருக்கிறது. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?
— ஓர் ஆசிரியை, சேலம்

பதில்: கேட்பார்கள், என்னையும் கேட்டார்கள். ஒரு தந்தை கடிதமே எழுதினார். நான் அவரை வகுப்புக்கு அழைத்து உட்கார வைத்தேன். நவம்பர் முதல் இரண்டு நாளும் அங்கே என்ன செய்கிறார்கள் என்று பிள்ளைகளே அவருக்குச் சொன்னார்கள். இறந்தவர்களின் புகைப்படத்தை மேடையில் வைத்து, அவர்களுக்குப் பிடித்த பண்டத்தையும் ஒரு குவளைத் தண்ணீரையும் உப்பையும் வைத்து, ஆரஞ்சு நிறப் பூவால் வழியெல்லாம் அலங்கரிக்கிறார்கள். அமாவாசைக்குப் படையல் போடும் மனிதருக்கு இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? யுனெஸ்கோ 2008இல் இதை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது என்றும் சொன்னோம். அந்தத் தகவலைவிட அவரைத் தொட்டது பூதான். மெக்சிகோவில் அதன் பெயர் செம்பசூச்சில். நம் பூக்கடையில் செண்டுமல்லி, துலுக்கச் சாமந்தி. பூர்விகம் மெக்சிகோ. நம் ஊர் மாலைகளில் எப்போது வந்து சேர்ந்ததோ, இன்று அது இல்லாமல் ஆயுதபூஜை இல்லை.

ஆனால் அலங்காரத்தோடு நிறுத்திவிட்டால் அது கைவேலை வகுப்பாகிவிடும். மொழி வேண்டும் என்றால் 'கலவெரீத்தா'வுக்குப் போங்கள். அந்த நாட்களில் மெக்சிகர்கள் உயிரோடு இருப்பவர்கள் மேல் கேலிப் பாட்டு எழுதுவார்கள். மரணம் ஒரு பெண்ணாக வந்து அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு போனதாக, நாலு வரி, எதுகையோடு. மந்திரியையும் எழுதுவார்கள், மாமியாரையும் எழுதுவார்கள். யார் மனதும் புண்படுவதில்லை, புண்பட்டாலும் காட்டிக்கொள்வதில்லை.

பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆசிரியரைப் பற்றி எழுதலாம், அதுவும் அவரைச் சாகடித்து எழுதலாம் என்று சொல்லிப் பாருங்கள். கடந்தகால வினைகளை அதுவரை வெறுத்தவர்கள் 'வந்தாள்', 'பார்த்தாள்', 'கூட்டிச் சென்றாள்' என்று தாங்களாகவே தேடி எழுதுவார்கள். ஒரு வரையறை மட்டும் வைத்திருக்கிறேன்: சக மாணவரைப் பற்றி எழுதக் கூடாது, பெரியவர்களைப் பற்றித்தான். அந்த வயதில் சக மாணவர் மேல் எழுதும் கேலி எங்கே போய் முடியும் என்று நமக்குத் தெரியும்.

கணக்கு ஆசிரியர் எக்ஸைத் தேடிக் கல்லறைக்குள் போனார். உடற்பயிற்சி ஆசிரியர் மரணத்தையே மைதானத்தைச் சுற்றி மூன்று ரவுண்டு ஓடவிட்டார். போன நவம்பரில் என் மேல் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன். ஸ்பானிஷில் எதுகை அழகாக விழுந்திருந்தது, இங்கே அது தொலைந்துவிடும். 'விரும்புகிறேன்' என்று சொன்னால் ஸ்பானிஷில் 'வர' என்ற வினை வேறு வடிவம் எடுக்க வேண்டும், மரணம் அதில்தான் பிசகினாள். மரணம் வகுப்பு வாசலில் வந்து நின்று, "டீச்சர், நீங்கள் என்னோடு வர விரும்புகிறேன்" என்றாள். டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "வினை தப்பு, உட்கார்ந்து பத்து முறை எழுது" என்றாள். மரணம் இன்னும் கடைசி பெஞ்சில் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

எழுதியது யார் என்று தாளில் பெயர் இல்லை. கையெழுத்தைப் பார்த்தேன். குடைக்கு விடுகதை போட்ட அதே பையன்.